பாஸ்போ-எர்க் பட்டை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்துப் பட்டையாகப் பார்ப்பதுதான் வெஸ்டர்ன் பிளாட். அது பொய்த்துப்போனால் ஆய்வகத்தில் முதல் திட்டு ஆன்டிபாடிக்குத்தான் விழும். பாடநூல் எதிர்ப்பொருள் என்கிறது. ஆய்வக மேசையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் ஆன்டிபாடி என்றே எழுதுகிறேன். விலை அதிகம், குப்பி சிறியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பழி சுமத்த இதைவிட வசதியான பொருள் வேறு எது? ஆனால் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் புரதங்களைத் தேடும்போது குற்றவாளி பெரும்பாலும் அந்தக் குப்பியில் இருப்பதில்லை. ஆன்டிபாடி மெம்பிரேனைத் தொடுவதற்கு ஒரு நாள் முன்பே, செல்லை உடைத்த அந்தச் சில நிமிடங்களில் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

எடுத்துக்காட்டாக எர்க் புரதத்தை வைத்துக்கொள்கிறேன். எர்க்-1 44 கிலோடால்டன், எர்க்-2 42 கிலோடால்டன். மெக் என்ற கைனேஸ் நொதி இவற்றின் அமினோ அமிலங்களில் ஒரு திரியோனின் மீதும் ஒரு டைரோசின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றினால் இவை விழித்துக்கொள்கின்றன. அந்த இரண்டு பாஸ்பேட்டுகளும் ஏறிய எர்க்கை மட்டும் பிடிப்பதுதான் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடியின் வேலை. பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிப்பது மொத்த எர்க் ஆன்டிபாடி. ஆக்ட், பி38, ஜே.என்.கே., ஸ்டாட்-3 போன்ற மற்ற சமிக்ஞைப் புரதங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எண்கள் மட்டும் மாறும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஜெல்லிலும் மூன்று மாதிரிகள் கட்டாயம் வேண்டும்: தூண்டாதது, தூண்டியது, தடுப்பானுக்குப் பின் தூண்டியது. ஹீலா என்ற மனிதச் செல்களை இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து, மறுநாள் மி.லி.க்கு 100 நானோகிராம் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சித் தூண்டியைச் சேர்த்து 5 முதல் 10 நிமிடம் விட்டால் அது தூண்டிய மாதிரி. அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக 10 மைக்ரோமோலார் யு0126 என்ற தடுப்பானைச் சேர்த்திருந்தால், மெக் அடைபட்டு எர்க் தூங்கியே கிடக்கும்; அது மூன்றாவது மாதிரி. ஆக்ட் என்றால் தூண்ட இன்சுலினும் தடுக்க எல்.ஒய்.294002-உம். இந்த மூன்றும் இல்லாத பிளாட்டை என்னிடம் கொண்டுவந்து 'ஏன் வரவில்லை' என்று கேட்பவர்களுக்கு, இன்னொரு ஜெல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்பதைத் தவிர நான் வேறு பதில் சொல்வதில்லை.

அறிகுறி: பட்டையும் இல்லை, பின்புலமும் இல்லை

படம் துடைத்துவிட்டது போல வெளுத்திருக்கிறது. மூலக்கூறு எடைக் குறியீட்டின் வண்ணப் பட்டைகள் மட்டும் மெம்பிரேன் மீது சிரித்துக்கொண்டிருக்கின்றன. மங்கலான பின்புலம்கூட இல்லையென்றால் ஒளி உண்டாக்கும் பகுதியே செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும், இரண்டாம் ஆன்டிபாடி அந்த முதலாவதைப் பிடிக்கும், அதில் இணைத்த எச்.ஆர்.பி. என்ற நொதி வினைப்பொருளை ஒளிரவைக்கும். இருட்டறைக்குப் போங்கள். ஒரு சிறு குழாயில் ஒளி தரும் வினைப்பொருளை ஊற்றி, எச்.ஆர்.பி. இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியில் மிகச் சிறு துளியை அதில் விடுங்கள். நீல ஒளி பளிச்சென்று வர வேண்டும். வராவிட்டால் வினைப்பொருளும் எச்.ஆர்.பி.யும் சந்தேகத்துக்கு உரியவை. புதுக் குப்பியிலிருந்து ஒன்றை மாற்றிப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். இங்கே அடிக்கடி அகப்படும் எதிரி சோடியம் அசைடு. பூஞ்சை பிடிக்காமல் இருக்க பஃபரில் அதைச் சேர்ப்பார்கள், அது எச்.ஆர்.பி. நொதியை முடக்கிவிடும். முதல் ஆன்டிபாடியின் கரைசலில் அசைடு இருந்தால் கழுவும்போது போய்விடும், பாதகமில்லை. இரண்டாம் ஆன்டிபாடியின் கரைசலில் அது தலைகாட்டவே கூடாது.

ஒளி வந்துவிட்டால் அடுத்தது: முதல் ஆன்டிபாடியில் ஒரு துளியை மெம்பிரேன் துண்டு ஒன்றில் வைத்து, உலர்த்தி, பிளாக் செய்து (மெம்பிரேனின் காலியிடங்களைப் பால் போன்ற புரதக் கரைசலால் மூடி), இரண்டாம் ஆன்டிபாடியைப் போடுங்கள். புள்ளி ஒளிராவிட்டால் விலங்கு பொருந்தவில்லை. முயலில் உண்டான முதல் ஆன்டிபாடிக்கு எலியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டிருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், எல்லோரும் ஒரு முறை செய்வதுதான்.

இரண்டும் தேறிவிட்டால் புரதம் மெம்பிரேனுக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. இனிமேல் புரதத்தை ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றி முடித்ததும், புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் போன்சோ சாயம் போடாமல் பிளாக் செய்வதில்லை என்று முடிவெடுங்கள். ஐந்து நிமிட வேலை, நீரில் கழுவினால் போய்விடும். லேன்கள் (ஒவ்வொரு மாதிரியும் ஓடிய தடங்கள்) சிவப்பாகத் தெரியாவிட்டால் மாற்றத்தில் கோளாறு: ஜெல் எதிர்மின் பக்கமும் மெம்பிரேன் நேர்மின் பக்கமும் இருக்க வேண்டியது தலைகீழாகியிருக்கலாம், அல்லது பி.வி.டி.எஃப். மெம்பிரேனை மெத்தனாலில் நனைக்க மறந்திருக்கலாம். வண்ணக் குறியீடு ஒழுங்காக வந்திருந்தால் திசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: மொத்த எர்க் அருமையாக வருகிறது, பாஸ்போ-எர்க் இல்லவே இல்லை

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதிகம் அவதிப்பட்டதும் இதில்தான்.

ஆய்வைத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு முழு மாதம் எனக்குப் பாஸ்போ-எர்க் வரவில்லை. மொத்த எர்க் கண்ணாடி போல வந்தது. ஆன்டிபாடியை மாற்றினேன், அதையும் மாற்றினேன், மூன்றாவது ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் செல் உடைப்பதைப் பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தார். ஆறு தட்டுகள். ஒவ்வொன்றையும் குளிர்ந்த பஃபரால் இரண்டு முறை கழுவி, ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்ததைக் கழுவி, ஆறையும் முடித்த பிறகுதான் உடைக்கும் கரைசலை ஊற்றினேன். "முதல் தட்டு எத்தனை நிமிடம் காத்திருந்தது?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு நிமிடம். எர்க் விழித்துப் பிறகு அடங்குவதற்கு அதுவே தாராளம். அவர் ஆன்டிபாடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

செல்லுக்குள் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ்கள் இருப்பது போலவே, அதைக் கழற்றும் பாஸ்பட்டேஸ்களும் இருக்கின்றன. செல்லை உடைத்ததும் கைனேஸ்களுக்கு வேண்டிய ஏ.டி.பி. நீர்த்துப்போகிறது, பாஸ்பட்டேஸ்களுக்கோ எரிபொருள் எதுவும் வேண்டாம். அவை ஓயாமல் கழற்றிக்கொண்டே இருக்கும். எனவே உடைக்கும் கரைசலில் தடுப்பான்கள் வேண்டும். செரின், திரியோனின் பக்கத்துக்குச் சோடியம் ஃபுளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும். டைரோசின் பக்கத்துக்கு 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட். எர்க்குக்கு இரண்டு பக்கமும் பாஸ்பேட் இருப்பதால் இரண்டு வகைத் தடுப்பானும் வேண்டும். விற்பனைக்கு வரும் புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தடுப்பான் சேர்த்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது புரதத்தை வெட்டும் நொதிகளுக்கானது, பாஸ்பட்டேஸுக்கு அல்ல.

வனடேட் கொஞ்சம் வீம்பு பிடித்த உப்பு. பொடியைக் கரைத்து அப்படியே பயன்படுத்தினால் பலன் குறைவு. கரைசலை பி.எச். 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். அந்த மஞ்சள், வனடேட் அணுத்தொகுதிகள் கூட்டாகச் சேர்ந்திருப்பதன் அடையாளம். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் பி.எச்.சை மீண்டும் 10-க்குச் சரிசெய்து, மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். நிறமற்ற நிலையில் நின்றதும் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. உடன் இருந்தால் வனடேட்டின் பிடி தளரும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கரைசலின் செய்முறைத் தாளை எடுத்து இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள்.

இத்தனை ஜாக்கிரதையும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். தட்டிலிருந்து ஊடகத்தை உறிஞ்சிய உடனே, 1% எஸ்.டி.எஸ். உள்ள சூடான கரைசலை நேரே ஊற்றிச் சுரண்டி எடுத்துவிடுவது. எஸ்.டி.எஸ்.சும் சூடும் சேர்ந்தால் நொதிகள் எல்லாம் அந்தக் கணமே உருக்குலைந்துவிடும். பாஸ்பேட் அப்படியே உறைந்து நிற்கும். டி.என்.ஏ. வெளியேறிச் சளி போல இழுக்கும், பயப்பட வேண்டாம். சில வினாடி ஒலியலையால் சோனிகேட் செய்யுங்கள் அல்லது மெல்லிய ஊசி வழியே சில முறை இழுத்துவிடுங்கள். டி.டி.டி.யையும் நீலச் சாயத்தையும் பிறகு சேர்த்துக்கொண்டால் புரத அளவை பி.சி.ஏ. முறையில் அளக்கலாம். பிராட்ஃபோர்டு முறை எஸ்.டி.எஸ்.சைத் தாங்காது.

இன்னொன்று, டிரிப்சின். செல்களைத் தட்டிலிருந்து டிரிப்சினால் பிரித்து, சுழற்றி, வீழ்படிவாக்கி, பிறகு உடைக்கும் பழக்கம் உள்ளவர்கள், தாங்கள் அளப்பது இ.ஜி.எஃப்.பின் விளைவையா, தங்கள் கை செய்த தொல்லையின் விளைவையா என்று யோசிக்க வேண்டும்.

செல் பக்கம் எல்லாம் சரி என்றால்தான் ஆன்டிபாடிப் பக்கம் வாருங்கள். நேரம் சரியா? இ.ஜி.எஃப்.புக்கு எர்க் 5 முதல் 10 நிமிடத்தில் உச்சம் தொடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விழா முடிந்து பந்தல் பிரித்திருப்பார்கள். லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறதா? ஆன்டிபாடியை 5% பி.எஸ்.ஏ.யில் (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) கலந்து 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தீர்களா? பாலில் உள்ள கேசீன் தானே ஒரு பாஸ்போபுரதம் என்பதால் பாஸ்போ ஆன்டிபாடிகளுக்குப் பால் ஆகாது என்று ஆய்வகங்களில் வேதவாக்கு போலச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பாலில் பிளாக் செய்து பி.எஸ்.ஏ.யில் முதல் ஆன்டிபாடி போட்டால் நன்றாக வரும் ஆன்டிபாடிகள் எத்தனையோ உண்டு. குப்பியுடன் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முதல் முறை அப்படியே செய்யுங்கள். சொந்தப் புத்திசாலித்தனத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்களைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். மனித எர்க்-1-இல் திரியோனின் 202, டைரோசின் 204 என்று சொல்லப்படும் அதே இடங்கள் எர்க்-2-இல் 185, 187. வேறு எண் எழுதியிருக்கிறது என்று குப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அறிகுறி: தூண்டாத மாதிரியிலும் அதே கனத்தில் பட்டை

மூன்றாவது மாதிரி, அதாவது தடுப்பான் போட்டது, இங்கேதான் சோறு போடும்.

தடுப்பானால் பட்டை மறைகிறதா? அப்படியானால் ஆன்டிபாடி உண்மையைத்தான் சொல்கிறது. எர்க் நிஜமாகவே விழித்திருக்கிறது. காரணம் செல்லில் தேடுங்கள். சீரம் முழுக்கப் போகவில்லையா? தூண்டுவதற்குச் சற்று முன் ஊடகத்தை மாற்றினீர்களா? இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேசையில் வைத்த குளிரும் குலுக்கலும்கூட இந்தப் பாதைகளைக் கிளறிவிடும், பி38, ஜே.என்.கே. இரண்டும் இதில் இன்னும் தொட்டாற்சிணுங்கி. தூண்டியை வெறும் ஊடகத்தில் கரைத்துச் சேர்க்கிறீர்கள் என்றால், தூண்டாத தட்டுக்கும் அதே அளவு வெறும் ஊடகத்தை அதே நேரத்தில் சேர்க்க வேண்டும்.

செல் வகையின் பிறவிக்குணமும் இருக்கலாம். எல்.என்.கேப், பி.சி.-3, ஜர்கட் செல்களில் ஆக்டை அடக்கும் பிடென் என்ற கடிவாளம் இல்லை. அவற்றில் ஆக்ட் எப்போதும் விழித்தே இருக்கும். ஏ375, எச்.டி.-29 செல்களில் பிராஃப் மரபணுவில் உள்ள வி600ஈ திடீர்மாற்றம் எர்க்கைத் தூங்கவே விடாது. இவற்றைப் பட்டினி போட்டுவிட்டு 'தூண்டாத மாதிரி' என்று பெயர் எழுதினால் செல் ஒப்புக்கொள்ளாது.

தடுப்பானுக்கும் பட்டை அசையவில்லை, தடுப்பான் புதியது என்று உறுதியாகத் தெரியும். இப்போதுதான் ஆன்டிபாடி மீது சந்தேகம் நியாயமாகிறது. அது பாஸ்பேட் இல்லாத எர்க்கையும் பிடிக்கிறதா என்று பார்க்க லாம்டா பாஸ்பட்டேஸ் போடுங்கள். தூண்டிய லைசேட்டை (செல்லை உடைத்து எடுத்த கரைசலை) இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அந்த நொதியைச் சேர்த்து வைத்துவிட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். நொதி போட்ட லேனில் பாஸ்போ பட்டை மறைந்து, மொத்த எர்க் மாறாமல் நிற்க வேண்டும். இதற்கான லைசேட்டில் பாஸ்பட்டேஸ் தடுப்பானும் ஈ.டி.டி.ஏ.வும் இருக்கக் கூடாது. அந்த நொதிக்கு மாங்கனீசு வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிவிடும். எஸ்.டி.எஸ். லைசேட்டும் இதற்கு உதவாது. இந்தச் சோதனைக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு ஒதுக்குங்கள்.

அறிகுறி: கேட்டது ஒரு பட்டை, வந்தது ஊர்வலம்

முதலில் எடையைப் பாருங்கள். எலித் திசுவிலோ, ஆன்டிபாடி கொண்டு இழுத்தெடுத்த மாதிரியிலோ 50 மற்றும் 25 கிலோடால்டனில் கனத்த பட்டைகள் என்றால் அவை ஆன்டிபாடியின் கனச்சங்கிலியும் இலேசுச்சங்கிலியும். இரண்டாம் ஆன்டிபாடி அவற்றை நேரடியாகப் பிடிக்கிறது. ஆக்ட் 60-இல் வரும், ஆகவே 50-இல் வரும் அந்தத் தடித்த பட்டை அதைப் பாதி மறைத்துவிடும். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்ட ஒரு துண்டு இருந்தால் இந்தக் குழப்பம் ஒரே பார்வையில் தீரும். எதிர்பார்த்த எடைக்குக் கீழே படிப்படியாகப் பட்டைகள் இருந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. சில புரதங்களுக்கோ இரண்டு பட்டைகளே இயல்பு: ஜே.என்.கே. 46-உம் 54-உம், ஸ்டாட்-3 79-உம் 86-உம்.

இவை எதிலும் அடங்காத பட்டை என்றால், ஆன்டிபாடி வேறு புரதத்தைப் பிடிக்கிறது. அதைத் தீர்க்கச் சரியான சோதனை ஒன்றுதான்: அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல். நீக்கிய செல்லிலும் பட்டை நின்றால் அது உங்கள் புரதம் அல்ல. இது அதிகப்படியான சந்தேகம் என்று தோன்றினால் 2023-இல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வைச் சொல்வேன். விற்பனையில் உள்ள 614 ஆன்டிபாடிகளை, 65 புரதங்களுக்கு, மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தான் பிடிக்க வேண்டிய புரதத்தையே பிடிக்காத ஆன்டிபாடியைப் பயன்படுத்தி வெளிவந்த கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 இருந்தன. விளம்பரப் படத்தில் பட்டையைச் சுற்றி நெருக்கமாக வெட்டிக் காட்டியிருந்தால், மேலும் கீழும் என்ன இருந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மரபணு நீக்கிய செல் கைவசம் இல்லாதவர்கள் சிறு ஆர்.என்.ஏ. கொண்டு புரதத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பட்டையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

அறிகுறி: மெம்பிரேன் முழுக்கக் கறுப்பு, அல்லது புள்ளி புள்ளியாக

இரண்டாம் ஆன்டிபாடி அதிகம். பாதியாகக் குறையுங்கள், போதாவிட்டால் மேலும் பாதி. 0.1% ட்வீன் சேர்த்த பஃபரில் கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள், மெம்பிரேன் எந்த நிலையிலும் காய விடாதீர்கள். புள்ளிகள் என்றால் பால் சரியாகக் கரையவில்லை, அல்லது இரண்டாம் ஆன்டிபாடி திரண்டிருக்கிறது. பாலை வடிகட்டுங்கள், ஆன்டிபாடியைச் சில நிமிடம் வேகமாகச் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். விரல் ரேகை தெரிந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கக் காவல்துறை வேண்டாம், கையுறை போதும்.

அறிகுறி: கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பட்டை

புரதம் இல்லாமல் அல்ல, மிதமிஞ்சி இருப்பதால் வருவது. அந்த இடத்தில் எச்.ஆர்.பி. அவ்வளவு குவிந்திருப்பதால், படம் எடுப்பதற்கு முன்பே வினைப்பொருள் முழுவதும் எரிந்து தீர்ந்துவிட்டது. மெம்பிரேனில் அதே இடத்தில் இலேசான பழுப்புத் தடம் தெரியும். ஆன்டிபாடிகளையும் புரத அளவையும் குறையுங்கள்.

அறிகுறி: போன மாதம் வந்தது, இந்த மாதம் வரவில்லை

குப்பியின் மேல் உள்ள தொகுதி எண்ணை இரண்டு நோட்டுப் பக்கங்களிலும் ஒப்பிடுங்கள். எழுதிவைக்கவில்லை என்றால் இன்றிலிருந்து எழுதுங்கள். பாலிகுளோனல் ஆன்டிபாடி ஒரு முயலின் சீரத்திலிருந்து வருவது. அந்த முயலின் காலம் முடிந்தால் அடுத்த முயல். பெயர் அதே, பட்டியல் எண் அதே, உள்ளே இருக்கும் கலவை வேறு. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைக்கும் ஹைபிரிடோமா முறையைக் கண்டுபிடித்ததால் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து உண்டாக்க முடிந்தது. ஆனால் அந்தச் செல்களும் சாகும், மாறும். மரபணு வரிசையைப் பதிவுசெய்து தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிக்கு மாற வேண்டும் என்று 2015-இல் நேச்சர் இதழில் பிராட்பரியும் ப்ளுக்துனும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் சேர்ந்து எழுதினார்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் நானும் அதையே வாங்குகிறேன்.

தொகுதி எண் மாறவில்லை என்றால் குளிர்பெட்டியைப் பாருங்கள். பல ஆன்டிபாடிகள் 50% கிளிசரால் கலந்து வருகின்றன. அவை −20 டிகிரியில் உறையாமல் திரவமாகவே இருக்கும்; அதற்காகத்தான் அந்தக் கிளிசரால். பத்திரமாக இருக்கட்டும் என்று −80-இல் வைத்தால் உறைந்துவிடும். பனி உருக்கும் வசதியுள்ள வீட்டுக் குளிர்பெட்டிகள் அவ்வப்போது தாமே சூடேறி இறங்குவதால் அங்கும் வைக்க வேண்டாம். பார்சல் வரும்போது ஐஸ் உருகியிருந்தது என்று பதறுபவர்கள் முதலில் ஒரு பிளாட் ஓட்டிப் பார்க்கட்டும். ஆன்டிபாடி நாம் நினைப்பதைவிடக் கெட்டியான புரதம், ஓரிரு நாள் வெப்பத்தில் பெரும்பாலும் சாவதில்லை. திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான் அதற்கு ஆகாது. கலந்து வைத்த கரைசலை மறுபடி பயன்படுத்துவோர் அது எத்தனையாவது முறை என்று குழாயின் மேல் கோடு போட்டு வையுங்கள். பாலில் கலந்ததை ஒரு வாரம் கழித்து முகர்ந்து பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

அறிகுறி: படம் அழகு, எண்கள் மட்டும் ஒத்துவரவில்லை

தூண்டிய மாதிரியில் கண்ணுக்கே பல மடங்கு தெரிகிறது, அளந்தால் ஒன்றரை மடங்குதான் வருகிறது. பட்டை தெவிட்டியிருக்கிறது, கறுப்புக்கு மேல் கறுப்பு இல்லை. குறைந்த நேரம் படமெடுங்கள். லைசேட்டை இரண்டு இரண்டாக நீர்க்கவைத்து ஒரு ஜெல் ஓட்டி, எந்த அளவுவரை பட்டை நேர்கோட்டில் ஏறுகிறது என்று ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆக்டின். ஏற்றிய புரதம் சமம் என்று காட்ட எல்லோரும் பீட்டா-ஆக்டினை எடுப்பார்கள். அதன் எடை ஏறத்தாழ 42 கிலோடால்டன், எர்க்-2-இன் எடையும் அதேதான். அதே மெம்பிரேனில் முந்தைய ஆன்டிபாடியை உரித்துவிட்டு ஆக்டினைப் பார்த்தால், சரியாக உரியாத எர்க் பட்டை ஆக்டினோடு ஒட்டிக்கொள்ளும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. டியூபுலின் அல்லது 37-இல் வரும் ஜி.ஏ.பி.டி.எச். பாருங்கள். உண்மையில் பாஸ்போ-எர்க்கை ஒப்பிட வேண்டியது மொத்த எர்க்கோடுதான். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் பார்ப்பதென்றால் பாஸ்போவை முதலில் பாருங்கள், ஏனெனில் உரிக்கும்போது ஆன்டிபாடியோடு கொஞ்சம் புரதமும் போகும், குறைவாக இருக்கும் பாஸ்போ அந்த இழப்பைத் தாங்காது. உரித்த பின் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டுப் படமெடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே போங்கள். ஒளிரும் சாயம் இணைத்த இரண்டாம் ஆன்டிபாடிகளும் அதற்கான கருவியும் இருந்தால் உரிக்கவே வேண்டாம்: முயலில் உண்டான பாஸ்போ-எர்க், எலியில் உண்டான மொத்த எர்க் இரண்டையும் ஒரே குழாயில் கலந்து ஊற்றி, இரண்டு நிறத்தில் ஒரே பட்டையைப் படிக்கலாம். முதல் முறை மட்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்ட இரண்டு துண்டுகளையும் கூட ஓட்டி, ஒரு நிறம் மற்றதற்குள் கசியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.